மத்தியானத் தூக்கம் பற்றிய அத்தியாயம்

வேலை நேரத்தில், பிரதேச சபை நூலகத்தின் நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் விட்ட குறட்டையை ஒலிப்பதிவு செய்து, என் வாசகர்களுக்கு நானே அனுப்பிவைத்திருக்கிறேன். யாரோ ஒளிந்திருந்து செய்த காரியம் என்றால் ஒரு முறைப்பாடாவது எழுதலாம். பதிவு செய்ததும் நான், அனுப்பியதும் நான். பெற்றுக்கொண்டவர்களில் சபையின் செயலாளரும் ஒருவர். அவரைக் குழுவில் சேர்த்ததும் நானேதான். நூலக சேவையை வாட்ஸ்அப், முகநூல் வழியாக மக்களிடம் கொண்டுபோவது எப்படி என்று பேச இப்போது பதுளைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன், பேசுகிறேன், தேநீர் குடித்துவிட்டு வருகிறேன். இந்த ஒன்றை மட்டும் அங்கே சொல்வதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நூலகம் இருப்பது பண்டாரவளையிலிருந்து எல்லவுக்குப் போகிற பக்கத்தில் ஒரு சிறிய சந்தியில். கீழே பஸ் நிலையம், மேல்மாடியில் நாங்கள். வெயில் விழும் பக்கம் சிங்களப் புத்தகங்கள், சுவரோரமாகத் தமிழ் அலுமாரிகள். வருகிறவர்களில் பத்திரிகை வாசிக்கும் ஓய்வூதியக்காரர்கள் உண்டு. டியூஷன் தொடங்கும்வரை நேரம் போக்கும் மாணவர்கள் உண்டு. எல்லவுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்ட வெள்ளைக்காரர்களும் உண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் கழிப்பறையை. சன்னலைத் திறந்தால் எதிர்மலையில் தேயிலையும் அதற்கு நடுவே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் தெரியும். அங்கிருந்துதான் யாரும் வருவதில்லை. அப்படி ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதன் காரணம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் உத்தியோகத்தனாகி வெகுகாலம் ஆகிவிட்டது. எந்தக் காரணமும் சுற்றறிக்கையில் வந்தால்தான் எனக்குப் புரியும்.

சுற்றறிக்கை வந்தது. சமூக ஊடகங்கள் பற்றி நூலகர்களுக்குப் பதுளையில் ஒரு செயலமர்வு. மத்தியானச் சாப்பாட்டோடு. போய்வந்த வேகத்தில் நூலகத்துக்கு முகநூலில் ஒரு பக்கம் திறந்தேன். அலுமாரிக்கு முன்னால் கைகட்டி நின்று எடுத்த என் படத்தை அதன் நெற்றியில் வைத்தேன். விருப்பக்குறிகள் குவிந்தன. நிதானமாகப் பார்த்தபோது அவை எல்லாம் அதே செயலமர்வுக்கு வந்த மற்ற நூலகர்கள் போட்டவை. நானும் அவர்களுடைய பக்கங்களுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். கல்யாண வீட்டு மொய் மாதிரி அது ஒழுங்காக நடந்தது. வெளியாள் ஒருவர் எழுதிய மதிப்புரை என்றால் ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஆங்கிலத்தில்: கழிப்பறை சுத்தம், ஆள் அன்பானவர்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளை மடுவத்துத் தங்கச்சி வந்தார். தோட்டத்தில் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் பிள்ளை மடுவம். எதிர்மலைத் தோட்டத்தில் அதைப் பார்த்துக்கொள்பவர் அவர். முப்பது சொச்சம் வயது இருக்கும். அன்று தோட்டத்தில் சாமி கும்பிடு, வேலை இல்லை. நெற்றியில் விபூதியோடு நேரே என் மேசைக்கு வந்து, குழந்தை வளர்ப்பு பற்றி எங்களிடம் இருந்த பெரிய தமிழ்ப் புத்தகத்தைக் கேட்டார்.

"அது இங்கேயே வச்சுப் படிக்கிற புத்தகம், தங்கச்சி. வெளிய குடுக்க மாட்டோம்."

"இங்கன வந்து எப்ப சேர் படிக்கிறது? காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஆளுங்க போறதுக்கு முன்னாடி நான் மடுவத்தைத் திறக்கணும். சாயங்காலம் கொழுந்து எடை போட்டு, அம்மாமாருங்க வந்து புள்ளைய தூக்கிக்கிட்டுப் போன பிறகுதான் பூட்டணும். அப்ப நீங்க பூட்டிருவீங்க."

"ஞாயித்துக்கெழமை திறந்துதான் இருக்கு."

"ஞாயித்துக்கெழமை பதுளையில கிளாஸ்."

விஷயம் இதுதான். பிள்ளை மடுவங்களைச் சிறுவர் நிலையங்களாகத் தரமுயர்த்துகிறார்கள். சான்றிதழ் இல்லாதவர்கள் விலக வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒரு எழுத்துப் பரீட்சை. பிறகு அதிகாரிகள் மடுவத்துக்கே வந்து, அவர் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் விதத்தைப் பார்ப்பார்கள். இரண்டிலும் தேறினால் அந்த வேலை அவருக்கு. தேறாவிட்டால் வெளியிலிருந்து சான்றிதழ் உள்ள ஒரு பெண் வருவார், இவர் மலைக்குப் போக வேண்டும்.

"கொழுந்து எடுக்க வெக்கமில்ல சேர். எங்கம்மா எடுத்ததுதான். ஆனா இந்தப் புள்ளைங்க எங்கிட்ட பழகிருச்சுங்க. புதுசா ஒருத்தி வந்தா சாப்புடாதுங்க."

நான் பெருமையோடு முகநூல் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நாங்க ரீலோட் போடுறது வாட்ஸ்அப்புக்கு மட்டுந்தான் சேர். பேஸ்புக்கெல்லாம் பாத்தா அன்னைக்கே முடிஞ்சிரும்" என்றார். எதிர்மலையிலிருந்து ஒருவரும் ஏன் என் படத்தை ரசிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருடையது கொழும்பில் கடை ஒன்றில் வேலை செய்யும் கணவர் வாங்கிக் கொடுத்த போன். திரை விழுந்து வெடித்திருந்தது. எழுத்தெல்லாம் கசகசா மாதிரி இருக்கிறது என்று பதில் வந்தது. அதன் பின்னால் ஒரு கேள்வி: "நீங்க வாசிச்சு வொய்ஸ் போடுவீங்களா சேர்? நான் துணி அலசிக்கிட்டே கேட்டுக்குவேன்."

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. நான் இளவயதில் தோட்டத்துத் திருவிழாவில் ஒலிபெருக்கி அறிவிப்பாளனாக இருந்தவன். காவடி எந்த வளைவில் வருகிறது என்பதை நான் சொன்னால் அடுத்த தோட்டத்துக்கும் கேட்கும். அதன்பிறகு என் குரலை யாரும் கேட்டு வாங்கியதில்லை. வீட்டில் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் வாசிப்பானேன் என்று, அவரோடு ஞாயிறு வகுப்புக்குப் போகும் மற்றப் பெண்களையும் சேர்த்து ஒரு குழு தொடங்கினேன். எல்ல பக்கம், அப்புத்தளை பக்கம், கொஸ்லந்தை பக்கம் என்று பல தோட்டங்களின் பிள்ளை மடுவங்களில் இருப்பவர்கள். குழுவுக்கு நான் 'அறிவுப் பரிமாற்றப் பெருவலை' என்று பெயர் வைத்தேன். மறுநாள் விடிவதற்குள் யாரோ அதை 'லைப்ரரி' என்று மாற்றியிருந்தார்கள். காலை வணக்கம் கூடாது, சாமி படம் கூடாது, குழுவில் பேச்சு நூல் சம்பந்தமாகவே இருக்க வேண்டும் என்று விதிகள் போட்டேன். விதிகளுக்குக் கீழே ஒருவர் பிள்ளையார் படம் போட்டு நன்றி சொன்னார். நடக்கிற வேலை மேலிடத்துக்கும் தெரியட்டும் என்று செயலாளரைச் சேர்த்தது இந்தக் கட்டத்தில்தான்.

தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நூலகம் வெறிச்சோடும் நேரத்தில், தமிழ் அலுமாரிக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பால்குடி, பல் முளைத்தல், பேச்சு வருதல். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தேர் நிலைக்கு வருகிற மாதிரி முடித்தேன். என் வாசிப்புக்குக் கீழே, குழுவில், பெண்கள் ஒருவருக்கொருவர் ஏதேதோ வொய்ஸ் போட்டுக்கொண்டார்கள். அவற்றை நான் கேட்கவில்லை. அறிவிப்பாளன் கூட்டத்தின் பேச்சைக் கேட்பதில்லை.

அன்றைக்கு வந்த அத்தியாயம், குழந்தைகளின் மத்தியானத் தூக்கம். தகரக் கூரையில் மழை. வீட்டிலிருந்து வந்த சோற்றுப் பார்சலில் மரவள்ளிக் கிழங்கும் இருந்தது. வாட்ஸ்அப்பில் பதிவு செய்யும்போது விரலை மேலே இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும், பிறகு அழுத்திப் பிடித்திருக்கத் தேவையில்லை. செயலமர்வில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். பூட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, கீழே பஸ் நடத்துநர் "பதுளை பதுளை பதுளை" என்று கத்தியது. திடுக்கிட்டு எழுந்தேன். கையில் போன். வேலையை முடித்துவிடும் ஆவேசத்தில் அம்புக்குறியை அமுக்கினேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் பதிவின் நீளம் கண்ணில் பட்டது.

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுக்க நேரமில்லை. செய்தியை அமுக்கினேன். அழிக்கவா என்று கேட்டது, ஆம் என்றேன். என்னென்னவோ தெரிவு கேட்டது, விரலுக்குக் கிட்ட இருந்ததைத் தொட்டேன். செய்தி மறைந்தது. போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு, தொழில்நுட்பத்தை நிதானமாகக் கையாண்ட திருப்தியோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். நான் தொட்டது 'எனக்கு மட்டும் அழி' என்பதை. உலகத்தில் அந்தக் குறட்டை இல்லாத ஒரே போன் என்னுடையதுதான்.

மாலையில் குழு கொந்தளித்தது. வரிசை வரிசையாகக் கண்ணீர் வழியும் முகங்கள். மனைவியிடம் காட்டினேன்.

"பாத்தியா? எல்லாம் அழுவுறாங்க. பேச்சு வருதல் அத்தியாயம் அப்படி வாசிச்சிருக்கேன்."

அவள் தேங்காய் துருவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அது அழுவுற மொகமா? சரிங்க" என்றாள். திருமணமான இத்தனை வருடத்தில் அவளுடைய 'சரிங்க'வை நான் நின்று ஆராய்ந்திருக்க வேண்டிய இடங்கள் பல. அதில் இதுவும் ஒன்று.

மறுநாள் மத்தியானத் தூக்கத்தை முறையாக, முழுமையாக, இன்னும் கூடுதலான உணர்ச்சியோடு வாசித்து அனுப்பினேன். ஒருவரும் அழவில்லை. ஒருவர் மட்டும், "சேர், முந்தி போட்டதுதான் நல்லா இருந்துச்சு" என்று எழுதினார். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று விட்டுவிட்டேன். எழுத்துப் பரீட்சை நடந்தது. பெண்கள் நன்றாக எழுதியதாகச் சொன்னார்கள். நான் அதை என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

செயலாளர் சிங்களப் பெண்மணி. பதுளையில் பல காலம் வேலை செய்ததால் தமிழ் ஓரளவு நன்றாகப் பேசுவார். வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்து பார்க்காத நல்ல பழக்கம் அவருக்கு இருந்தது. அந்த வாரம் எதற்காகவோ திறந்திருக்கிறார். கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க, லைப்ரேரியன் மஹத்தயா. இதைக் கேளுங்க."

முதலில் நான், கம்பீரமாக. அடுத்து வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. 'குழந்தை' என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்து மறுபடி 'குழந்தை' என்கிறேன். பிறகு மழை. மழைக்கு அடியில் நான், நீளமாக, ஒரே சீராக. நடுவே ஒரு வாசகரின் குரல்: "சேர்... சேர்... சரி, புத்தகத்தை இங்கன வச்சிட்டுப் போறேன்." மேசையில் புத்தகம் வைக்கும் சத்தம். குறட்டை அவருக்கு மரியாதை கொடுத்து ஒரு கணம் நிற்கிறது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. செயலாளர் கடைசிவரை ஓடவிட்டார். அந்த அறையில் ஒரு காலண்டர் இருந்தது. அதிலிருந்த யானையை இன்றும் என்னால் வரைய முடியும்.

"சபைக் கூட்டத்துல யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? குரூப்பை இன்னைக்கே மூடுங்க."

நிர்வாகக் காரணங்களால் குழு மாலையோடு மூடப்படும் என்று அறிவித்தேன். நிர்வாகக் காரணம் என்பது நான் என்று விளக்கவில்லை. உடனே பிள்ளை மடுவத்துத் தங்கச்சியின் வொய்ஸ் வந்தது. பின்னால் குழந்தைகள் இரைச்சல்.

"சேர், மூடாதீங்க சேர். நாளைக்கழிச்சு எங்க மடுவத்துக்குத்தான் மொதல்ல வாராங்க. எல்ல அக்கா இன்னும் எனக்குச் சொல்லித்தந்து முடிக்கல. இப்ப மூடினா நான் யார்கிட்ட கேக்குறது?"

எல்ல அக்கா என்ன சொல்லிக்கொடுக்கிறார்? அதுவரை தாண்டித் தாண்டிப் போன வொய்ஸ்களை முதலிலிருந்து கேட்டேன். கேட்கக் கேட்க என் காது சூடாகியது. நான் அத்தியாயம் போட்டதும், எல்ல பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருவர் அதை எங்கள் பேச்சில், உதாரணத்தோடு, மறுபடி சொல்லியிருக்கிறார். அப்புத்தளைக்காரி கேள்வி கேட்கிறார். கொஸ்லந்தைக்காரி தன் மடுவத்தில் அது சரிவரவில்லை என்று சண்டை பிடிக்கிறார். "சேர் சொன்னது வெளங்கலைன்னா எல்ல அக்காகிட்ட கேளுங்கடி" என்று ஒரு குரல். எனக்குத் தெரியாமல் என் நூலகத்தில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்குச் சன்னல் வழியாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் குழுவை மூடவில்லை. மறுநாள் காலையில் கூப்பிடாமலே செயலாளரிடம் போய், அந்த வொய்ஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அவருக்குப் பிடிபடாத தோட்டப் பேச்சை மொழிபெயர்த்தேன். பிள்ளை சாப்பிடாமல் அடம் பிடித்தால் அதிகாரிகளுக்கு முன்னால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்கிறார், மேடம். இவர் பதில் சொல்கிறார். இது இன்னொருவர், அது சரியில்லை என்கிறார்.

செயலாளர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"இல்ல மேடம். அவங்களே பேசிக்கிறது."

"அப்ப நீங்க செஞ்சது என்ன?"

"நான் கதவைத் திறந்துவிட்டேன் மேடம்."

"திறந்துவிட்டுத் தூங்கினது."

"ஆமா மேடம்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. "ரிசல்ட் வரும்வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் மடுவத்தில் என்ன நடந்தது என்பது எனக்கு உடனே தெரியவரவில்லை. குழுவில் தங்கச்சியிடமிருந்து சத்தமே இல்லை. நூலகத்தில் நான் அலுமாரிகளைத் துடைத்தேன். அது நான் கவலைப்படும் முறை. முடிவு வெளியாகி, ஞாயிறு வகுப்புகளும் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படியேறி வந்தார். கையில் வடைப் பொட்டலம்.

"பாஸ் சேர். ரெண்டுலயும்."

உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னார். அதிகாரிகள் இரண்டு பேர் சரியாகப் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் நேரத்துக்கு வந்திருக்கிறார்கள். சப்பாத்துச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பாயிலிருந்து எழும்பிவிட்டார்கள். ஒன்று அழ, பார்த்து மற்றதும் அழ. அவர் தட்டிக்கொடுத்தார், பாடினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மானம் போகுமேன்னு யோசிச்சேன் சேர். எனக்கில்ல, உங்களுக்கு. வேற வழியில்ல. போட்டுட்டேன்."

"எதைப் போட்டீங்க?"

"அதுதான் சேர். நீங்க தூங்குனது. மொதல் நாள், வாசிப்புன்னு நெனச்சு மடுவத்துல போட்டேன், புள்ளைங்க எல்லாம் அப்படியே படுத்துருச்சுங்க. அன்னையிலருந்து தெனமும் போடுறேன். அது கேட்டாத்தான் தூங்கும்."

அதிகாரிகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் படுத்திருக்கிறார்கள். கடைசிப் பிள்ளையும் கண்ணை மூடியபிறகு, பெரிய அதிகாரி இரகசியமான குரலில் இது என்ன சத்தம் என்று கேட்டாராம். எங்க லைப்ரரி சேர் என்று இவர் சொல்லியிருக்கிறார். நல்ல முறை, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவர் கேட்க, மத்தியானத் தூக்கம் அத்தியாயத்தில் என்று சொல்லியிருக்கிறார். அதில் பொய் இல்லை.

"ஏன் தங்கச்சி, அதைக் கேட்டுத் தூங்குதுங்க?"

அவர் வடைப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தார். "பாதிப் புள்ளைங்களோட அப்பாமாருங்க கொழும்புல சேர். வீட்டுல அந்தச் சத்தம் இல்ல."

கீழே பதுளை பஸ் புறப்பட்டது.

குழு இன்றும் இருக்கிறது, பெரிதாகியும் இருக்கிறது. வேலைவாய்ப்பு அறிவித்தல், பரீட்சை விண்ணப்பம், இன்ன புத்தகம் இருக்கிறதா என்ற கேள்வி, எல்லாம் அதில் வருகின்றன. நான் குறைவாகப் பேசுகிறேன். தினமும் காலையில் முதல் வேலையாக எல்லோருடைய வொய்ஸையும் முழுதாகக் கேட்கிறேன், மரணச் செய்தி உட்பட. விதிகளை அழித்துவிட்டேன், இந்த முறை எல்லோருக்கும். பதுளையில் நான் பேசும்போது நூலகர்களுக்குச் சொல்வதும் இதுதான்: இடத்தைத் திறந்துவிடுங்கள், பிறகு காதைத் திறந்து வையுங்கள். இதை நான் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஏனென்றால் மற்றதை எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

ஆனாலும் மனிதன்தானே. அன்று அவர் படியிறங்கப் போகும்போது, என் வாசிப்பும் ஏதோ கொஞ்சம் உதவியிருக்கும் இல்லையா என்று கேட்டுவைத்தேன்.

"சும்மா சொல்லக்கூடாது சேர், கணீர்னு இருந்துச்சு" என்றார். இரண்டு படி இறங்கி, மனசாட்சி உறுத்தியவர் போலத் திரும்பிப் பார்த்தார். "ஆனா போன்ல எடம் பத்தல சேர். நீங்க முழிச்சிக்கிட்டு இருக்கையில போட்டதை எல்லாம் அழிச்சிட்டேன்."